வத்தல் நெடி

மிக்ஸியில் மிளகாய் வத்தலை அரைத்தேன். தும்மல் வந்தது, கூடவே ஜெயாவின் நினைப்பும் வந்தது.

நுழைவுத் தேர்வுக்கு விருதுநகரில் ஒரு டியூஷன் சாரைக் கண்டுபிடித்தது நான்தான். வத்தல் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிக்கு மேல்மாடியில் அவர் வீடு. படியேறினாலே உடுப்பிலும் பையிலும் நெடி ஏறிவிடும். அவரிடம் சேரக் கேட்கப் போக இருந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பட்டாசுக் கம்பெனியில் சீசன் வேலை. அதனால் என் தோழி ஜெயாவிடம், "ரெண்டு பேருக்கும் சேத்துக் கேட்டுட்டு வாடி" என்றேன்.

"சார் இனிமே ஆள் சேக்க மாட்டாராம். எம்புட்டோ கெஞ்சிப் பாத்துட்டேன்டி" என்று கண் கலங்கினாள். நான்தான் தேற்றினேன்.

ஒரு மாதம் கழித்து அவளுடைய பள்ளிக்கூட நோட்டை இரவல் வாங்கி விரித்தேன். அடுத்தடுத்துத் தும்மினேன். தாளெல்லாம் வத்தல் நெடி.

"சளி பிடிச்சிருக்காடி?" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாள் ஜெயா.

"ஆமா" என்றேன்.

அவள் தடவிய இடம் இன்னும் எரிகிறது.