இடுப்பிலிருந்து எடுத்த எலும்பு

எனக்குக் காது குத்தியது ஏழு வயதில். எங்கள் பக்கத்தில் ஒரு வயதில் குத்துவார்கள், தப்பினால் மூன்றில். ஏழு வயதுவரை மூளிக்காதோடு திரிந்த பெண்பிள்ளை குன்றாண்டார்கோவில் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. "ஏ மூளிக்காதி" என்று கூப்பிட்ட ஒருத்தியைக் கிணற்றடிவரை விரட்டிப்போய்ச் சிலேட்டால் ஒரு போடு போட்டேன். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

மூன்று வயதில் வைத்த நாள், அய்யாவின் பங்காளி வீட்டில் துக்கம் விழுந்ததால் நின்றுபோனது. ஐந்து வயதில் நாள் வைத்துப் பந்தலுக்குக் கீற்றுகூட வந்து இறங்கிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊர் மஞ்சுவிரட்டில் என் மாமனை, அதாவது ஆத்தாவின் கூடப்பிறந்த தம்பியை, மாடு குத்தியது. அவர் மாடு பிடிக்கப் போனவர் இல்லை. எட்ட நின்று வேடிக்கை பார்க்கலாமென்று வரப்பில் நின்றவர். மாட்டைப் பிடிக்கப் போனவர்கள் எல்லோரும் வேட்டி மடிப்புக் கலையாமல் வீடு வந்து சேர்ந்தார்கள்.

கொம்பு கீழ்த்தாடையில் ஏறிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆனால் இடதுபக்கத் தாடை எலும்பு நொறுங்கிப்போயிருந்ததால் சில்லுச் சில்லாக எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறிய பிறகு முகவாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. வாய் மூடாது, எச்சில் நிற்காது, மென்று தின்ன முடியாது. கஞ்சியைக்கூட அண்ணாந்துதான் விட்டுக்கொள்வார்.

மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அது அவருடைய உரிமை. சபை நடுவில், கிழக்கே பார்த்து, சீர்த்தட்டெல்லாம் முன்னால் பரப்பி உட்கார வேண்டும். ஆத்தா போய்க் கேட்டபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். வார்த்தைகள் குழறின. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆத்தாதான் வரும் வழியில் அய்யாவிடம் திருப்பிச் சொன்னது.

"இந்த மூஞ்சியோட சபையில ஒக்கார மாட்டானாம். சரி பண்ணிக்கிட்டு வந்து ஒக்கார்றேங்கிறான். அதுவரைக்கும் புள்ளை காதுல ஊசி படக்கூடாதாம்."

"மூஞ்சி என்ன வண்டிச்சக்கரமா, சரி பண்ணிக்கிட்டு வர்றதுக்கு?" என்றார் அய்யா.

சரி பண்ணலாம் என்று சொன்னவர் ஆவூர் வாத்தியார் ஒருத்தர். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள், எலும்பு இல்லாத இடத்தில் எலும்பு வைக்கிறார்கள் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மாமன் ரயிலேறினார். போனவர் ஆறு மாதம் கழித்துத்தான் வந்தார். இடையில் இரண்டு கடுதாசி. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், குழாய் வழியாகப் பால் குடிக்கிறேன் என்று ஒன்றில் இருந்தது. அன்றைக்கு ஆத்தா சோறு தின்னவில்லை.

திரும்பி வந்தபோது பார்த்தேன். முகவாய் நடுவுக்கு வந்திருந்தது. வாய் மூடியது. தாடைக்கு அடியில் ஒரு தழும்பு, இடதுபக்கம் கொஞ்சம் புடைப்பு, அவ்வளவுதான். எனக்கு அவர் பழைய மாமன் மாதிரியேதான் தெரிந்தார். ஆனால் நடக்கும்போது ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார். ஊருக்கு அது பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு அத்தை ஆத்தாவிடம் வந்து கேட்டது.

"ஏன்டி, தாடைக்குத்தானே போனாக? கால் ஏன் நொண்டுது?"

"இடுப்பு எலும்ப வெட்டி எடுத்துத்தான் தாடையில வச்சிருக்காகளாம் அக்கா. அந்த வலி போக நாளாகுமாம்."

"அடி ஆத்தீ! அப்ப இடுப்புக்கு என்னத்த வச்சாக?"

நான் அங்கேயே புளி ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முந்தின வருஷம்தான் அய்யா ஆட்டுக்கொட்டகையில் ஒரு காலைப் பிடுங்கி மாட்டுக்கொட்டகைக்கு நட்டிருந்தார். "ஒரு கால் இல்லாட்டி என்ன, மூணு தாங்கும்" என்றார். தாங்கியது, மழை வரும்வரை. பிறகு மொத்தமும் சரிந்து இரண்டு குட்டி செத்தது. எனக்கு அதற்குமேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆப்பரேசன் பத்தி மாமன் முன்னாடி வாயத் தொறந்தியோ, சூடு இழுத்துருவேன். அவனே நொந்து கெடக்கான்" என்று ஆத்தா எச்சரித்திருந்தது. நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

மாசியில் கோவிலில் வைத்துக் காது குத்து. மாமன் ஒன்பது தட்டுச் சீரோடு வந்தார். மேளம் வைத்துக்கொண்டு வந்தார். பட்டுப்பாவாடை, தங்கத்தில் தோடு, பழம், வெல்லம். இரண்டு வருஷமாக ஊருக்குள் முகம் காட்டாத மனுஷன், முகத்தை நிமிர்த்திக்கொண்டு தெரு நடுவில் நடந்து வந்தார். பார்த்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவர் அதற்காகவே மெதுவாக நடந்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான் அப்போது அவர் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையில் சம்மணம் போட்டு உட்காரும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். நான் அதையும் பார்த்தேன்.

"வாத்தா, வந்து ஒக்காரு" என்று இரண்டு கையையும் நீட்டினார். பேச்சு நன்றாகவே வந்தது.

நான் போகவில்லை.

ஆத்தா முதுகைப் பிடித்துத் தள்ளியது. நான் தூணைக் கட்டிக்கொண்டேன். "என்னடி, போடி! மாமன்டி!" என்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாயைத் திறந்தால் இடுப்பைச் சொல்ல வேண்டும். இடுப்பைச் சொன்னால் ஆப்பரேசனைச் சொன்ன மாதிரி. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"விடுத்தா, புள்ளைக்கு ஆளு அடையாளம் தெரியல. மெட்ராஸ்ல மூஞ்சிய மாத்தித்தானே அனுப்பியிருக்காக!" என்றார் ஆத்தாவின் பெரியப்பா மகன். அவரும் எனக்கு மாமன் முறைதான், மீசை வைத்த தடித்த மனுஷன். சபை சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன்.

மாமன் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று.

"அண்ணன் மடியில வச்சிக் குத்திரலாம்க்கா. நல்ல நேரம் போகுது" என்றார்.

"தம்பி, செத்த பொறுடா, சின்னப்புள்ள..."

"போதும்க்கா. எந்திரிக்கிறேன்."

தரையில் கையூன்றி எழுந்தார். மீசை மாமன் அந்த இடத்தில் உட்கார்ந்தார். அவருடைய இடுப்பு கல்லுரல் மாதிரி இருந்தது. நான் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டேன். ஆசாரி ஊசியைக் காட்டியபோதுகூட முகத்தைச் சுளிக்கவில்லை. இரண்டு காதுக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று ஆசாரியே சொன்னார். ஒரு மனுஷனை விழாமல் காப்பாற்றிவிட்டோம், அதையும் வாயைத் திறக்காமல் செய்தோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. இதை மாமனாவது புரிந்துகொண்டிருப்பார் என்று திரும்பித் தேடினேன். அவர் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். விருந்துக்கு இருக்கவில்லை. மெல்லும்படியான சோற்றை இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தாராம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவரிடமிருந்து வர வேண்டியது எதுவும் நிற்கவில்லை. தீபாவளிக்குத் துணி வந்தது. பொங்கலுக்குக் கரும்பும் அரிசியும் வந்தன. நான் ஆளான அன்று பதினொரு தட்டு வந்தது. எல்லாம் பண்ணையாள் கையில், இல்லாவிட்டால் அவர் பெண்சாதி கையில் வந்தன. வீதியில் பார்க்கிறவர்களிடம் எங்கள் மாமன் மாதிரி யார் அனுப்புவார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆத்தா வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும்.

எனக்கு அதில் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பாவம், இடுப்பு இன்னும் ஆறவில்லை, அவ்வளவு தூரம் வண்டியில் குலுங்கி வர முடியாது என்று நானே நினைத்துக்கொண்டேன்.