நல்லகாமன் வண்டியில் பதினாறு பல்

சிவனாண்டிக்குப் பெண்சாதி அன்னக்கொடி. அன்னக்கொடிக்குக் கூடப்பிறந்த அண்ணன் நல்லகாமன். அந்த நல்லகாமன் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாலே சிவனாண்டிக்கு வயிறு எரியும்.

சும்மா எரியவில்லை. எழுபத்தாறில் தொடங்கி மூன்று வருஷம், ஆடித் திருவிழா சைக்கிள் பந்தயத்தில் நல்லகாமன்தான் முதல். செக்கானூரணியில் கிளம்பி, கிழக்கே நாகமலை புதுக்கோட்டையைத் தொட்டுத் திரும்பவேண்டும். மூன்று வருஷமும் சிவனாண்டி இரண்டாவது. தோற்றதையாவது தின்று செரித்துவிடலாம். ஜெயித்தவனுக்கு மச்சான் முறைக்காரன்தான் உருமால் கட்டவேண்டும் என்பது ஊர் வழக்கம். மூச்சு வாங்கிக்கொண்டே அவன் தலையில் பட்டு உருமாலைச் சுற்றுகிற கொடுமை இருக்கிறதே! ஒரு தரமாவது நல்லகாமன் கை தன் தலையில் உருமால் கட்டவேண்டும். சாமியிடம்கூட அவன் வேறெதுவும் கேட்டதில்லை.

"எங்கண்ணன் காலு காலா? உலக்கையில்ல!" என்பாள் அன்னக்கொடி.

"காலு இல்லடி. வண்டியில என்னமோ வச்சிருக்கான்."

ஒருநாள் நல்லகாமன் விருந்துக்கு வந்தான். அவன் கறிச்சோற்றில் கை வைத்ததும் சிவனாண்டி வாசலுக்கு வந்து, அவன் சைக்கிளின் பின்பக்கம் குந்தினான். பின்சக்கரத்தில் செயின் மாட்டுகிற பல்லில் ஒன்றுக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைத்து, சுற்றிச் சுற்றி எண்ணினான். பதினாறு! தன் வண்டியில் பதினெட்டு. பின்னால் பல் குறைந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் கூடுதலாக உருளும். இது தெரியாமலா இம்புட்டு நாள் கிடந்தோம் என்று பல்லைக் கடித்தான்.

"என்ன, எங்கண்ணன் வண்டிக்குப் பொட்டு வைக்கிறீகளா?" என்றாள் பின்னால் வந்து நின்ற அன்னக்கொடி.

மறுநாளே கோரிப்பாளையத்து சைக்கிள் கடையில் நின்றான்.

"முன்னாடி செயின் வீலுல பல்லு எத்தனைண்ணே?" என்று கேட்டார் கடைக்கார பாய்.

"அது எதுக்கு? பின்னாடி பதினாறைப் போடுங்க."

"ரெண்டையும் சேத்துத்தாண்ணே பாக்கணும்."

"நீங்க போடுங்க பாய். எங்க மச்சானுக்கு மட்டும் தெரியக்கூடாது."

பாய்க்கு அந்த மச்சான் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது.

எழுபத்தொன்பது ஆடியும் வந்தது. போகும்போது மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ள, சிவனாண்டி பறந்தான். புதுக்கோட்டையில் திரும்பியபோது நல்லகாமன் ஒரு பர்லாங் பின்னால். திரும்பியதும் அதே காற்று நெஞ்சில் அறைந்தது. பெடல் ஆட்டுக்கல்லாகக் கனத்தது. எழுந்து நின்று மிதித்தான். தொடை இரண்டும் வெடவெடத்தன. ஊர் எல்லையில் நல்லகாமன் உட்கார்ந்த வாக்கிலேயே தாண்டினான்.

"என்ன மாப்ள, எறங்கித் தள்ளுறியா?"

நாலாவது உருமாலைச் சுற்றும்போது சிவனாண்டிக்கு அடக்க முடியவில்லை.

"உனக்கும் பின்னாடி பதினாறு பல்லுதான மச்சான்?"

"எண்ணிப்புட்டியா? முன்னாடி எனக்கு நாப்பத்திநாலு. உனக்கு நாப்பத்தெட்டு. அந்தப் பெரிய வீலுக்குப் பதினாறைப் போட்டா ஆடிக்காத்துல யாரு மிதிக்கிறது? ஒன் பழைய பதினெட்டே என் வண்டிக்குக் கிட்டத்தட்டச் சமமாத்தான ஓடுச்சு!"

சமமாக ஓடியதாம். அப்படியானால் வண்டியில் ஒன்றுமில்லை, கால்தான். தோற்றதைவிட அது அதிகமாகக் குத்தியது. உருமாலை இழுத்து இறுக்கிய இறுக்கில் நல்லகாமன் "யப்பே!" என்று கத்திவிட்டான். பழைய பதினெட்டு மறுவாரமே வண்டிக்குத் திரும்பியது.

அதன்பிறகும் மூன்று ஆடி அவன் இரண்டாவதாகவே வந்தான். எண்பத்துமூன்றில் நல்லகாமன் மொபெட் வாங்கினான். பந்தயத்துக்குப் பேர் கொடுக்கவில்லை. நாற்பது வயதில் சிவனாண்டி ஜெயித்தான். கொட்டு முழங்க, நல்லகாமன் தன் கையாலேயே அவனுக்கு உருமால் கட்டினான்; குறையில்லாமல், அழகாகவே கட்டினான்.

கூட்டத்தில் நின்ற அன்னக்கொடி பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கண்ணன் அந்த மொபெட்டுல ஏறுனா புதுக்கோட்டைக்குப் போயிட்டு வர வேர்வைகூட வராது."

சிவனாண்டி உருமாலோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மொபெட்டின் பின்சக்கரத்தருகே குந்தினான்.

"மச்சான், இதுக்குப் பின்னாடி பல்லு எத்தனை?"