புது ஜன்னலும் மீன்காரம்மாவும்

கும்மிடிப்பூண்டியில் என் பழைய மாடி வீட்டு மரஜன்னல் இடுக்குகள் வழியே ஏசி குளிரெல்லாம் வீணாய்ப் போனது. அவற்றை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் போட்டேன். அறை ஜில்லென்று ஆனது. தெருச் சத்தமும் நின்றது.

மறுநாள் காலை யாரோ கதவை இடித்தார்கள். திறந்தால், தினமும் தெருவில் மீன் கூவி விற்கும் அம்மா மூச்சிரைக்க நின்றார்.

"இன்னாம்மா, நல்லாத்தான் கீறியா? தெனம் மேலேர்ந்து 'வேணாம்'னு கத்துவியே! கூவிக் கூவிப் பாத்தேன், சத்தமே காணோம். தனியா கீற பொம்பளையாச்சேன்னு ஓடியாந்தேன்."

"புது ஜன்னல்மா, ஒண்ணும் கேக்கல."

"நல்லா போட்ட போ ஜன்னலு! கூடைய தெருவுல உட்டுட்டு வந்துகீறேன், பூனை எத்தினி மிச்சம் வெச்சிருக்கோ!"

இறங்கிப் போய்விட்டார். மீன் வேணுமா என்று அன்று கேட்கவேயில்லை. இத்தனை வருஷத்தில் அதுவரை அவரிடம் நான் சொன்னது அந்த 'வேணாம்' என்ற ஒரே சொல்தான். அதற்கும் ஒருவர் காது கொடுத்துக் காத்திருப்பார் என்று நான் நினைத்ததில்லை.