வெளியே வர வழியில்லாத நிரை

புதன்கிழமை காலை, ஏழாம் வகுப்புக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பாக்கியம் போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் யாரிடமும் பேசமாட்டார். “மாஸ்டர், நம்ம ரெஜினா சிஸ்டர் போயிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னாங்களாம். அவ்வளவுதான்” என்றார். கரும்பலகையில் பூசணிக்காய் பாதியிலேயே நின்றது.

குன்னூரில் தேவாலயத்தை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரியில் சிஸ்டர் நர்ஸ். ஹிப்னாடிசத்தை முறையாகப் படித்து, டாக்டர் அனுப்பும் நோயாளிகளின் பயத்தையும் தூக்கமின்மையையும் தணித்து வந்தார். அவரை அறிந்து இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும் உங்களுக்கு இதெல்லாம் தெரியும். அவருக்கும் எனக்கும் ஆறு வருடமாக நடந்த சண்டை தெரிந்திருக்காது.

நான் வரைந்த படம் ஒன்று அவர் அறையில் மாட்டியிருந்தது. கிளென்மார்கன் எஸ்டேட் பக்கத்துத் தேயிலைச் சரிவு, மேலே மூடுபனியாய் மஞ்சு. ஒருநாள் எட்டிப் பார்த்தால், ஒருவர் என் படத்தைப் பார்த்தபடியே கண் சொருகி உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. “ஏன் சிஸ்டர், நான் மாசக்கணக்கா வரைஞ்சது தூக்க மாத்திரையா?” என்று கேட்டே விட்டேன்.

“ஏனுங்க மாஸ்டர், அவர் தூங்கலைங்க. உங்க படத்துக்குள்ள நடந்துட்டிருக்காரு. நீங்க வரையறப்ப யாராச்சும் கூப்பிட்டா காதுல விழுதுங்களா? அதே எடந்தானுங்க இது” என்றார். கோபத்தோடு வீடு திரும்பினேன்.

பாக்கியம் அங்கே வந்தது அதற்குப் பிறகு. காட்டெருமை முட்டிய காயம் ஆறிவிட்டது. ஆனால் தேயிலைக்குள் கால் வைத்தாலே உடம்பு நடுங்கியது. வேலைக்குப் போகாவிட்டால் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தவர், “யாரு வரைஞ்சது இது? இந்த நிரையில எறங்கினா வெளிய வர வழியே இல்லையே!” என்றார். நிரை என்பது ஒருவர் பறித்துக்கொண்டே போகும் செடி வரிசை. நான் ஒருநாளும் கொழுந்து பறித்ததில்லை. வரிசையின் மறுமுனையைச் செடி வைத்து அடைத்திருந்தேன்.

மறுநாளே பெயிண்டோடு போனேன். சிஸ்டர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“ஒரு பாதை போட்டுடறேன் சிஸ்டர். அஞ்சு நிமிஷம்.”

“தொடக் கூடாதுங்க. படம் உள்ள கூட்டிட்டுப் போகோணும். வெளிய வர்றது பாக்கறவங்க வேலை. நானும் அவ்வளவுதானுங்க பண்றேன்.”

வியாழக்கிழமைதோறும் பாக்கியம் வந்தார். மனத்துக்குள் அந்த நிரையில் இறங்கினார். சிஸ்டர் அதிகம் பேசமாட்டார், “இப்ப எங்க இருக்கீங்க?” என்று மட்டும் அவ்வப்போது கேட்பார். ஐந்தாவது வாரம் பாக்கியம், “செடியை வெலக்கிட்டு வந்துட்டேன் சிஸ்டர்” என்றாராம். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனார். எல்லோரும் அப்படி வந்துவிடவில்லை. வராதவர்களை சிஸ்டர் மறைக்காமல் டாக்டரிடமே திருப்பி அனுப்பினார்.

இத்தனைக்கும் அந்தப் படம் அழகாக இருக்கிறது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை, பிடிவாதக்காரி. நான் வாய்விட்டுக் கேட்டபோதும், “அழகுன்னு பாத்துட்டு நின்னா யாருங்க உள்ள போவாங்க?” என்றார்.

அடக்கம் முடிந்ததும் ஆஸ்பத்திரி மேனேஜர் என்னிடம் வந்தார். சிஸ்டர் பெயரோடு அந்தப் படத்தை முன் ஹாலில் மாட்டப்போகிறார்களாம். “அந்தத் தப்பை மட்டும் சரி பண்ணிக் குடுத்துருங்க மாஸ்டர். நாலு பேர் பாக்கற எடமுங்க” என்றார். ஆறு வருடம் கெஞ்சிக் கேட்ட அனுமதி கேட்காமலே கிடைத்துவிட்டது.

மறுநாள் பெயிண்டோடு போனேன். அறை காலியாக இருந்தது. அந்த நாற்காலியில் முதல் முறையாக உட்கார்ந்தேன். என் நிரையில் நானே இறங்கினேன். மஞ்சுக்குள் எவ்வளவு தூரம் போனேனோ தெரியாது. எங்கே இருக்கிறேன் என்று கேட்க ஆளில்லை. வாய்விட்டு அழுதேன். அழுது முடித்து, நானாகத்தான் எழுந்து வந்தேன்.

மேனேஜரிடம், “இப்படியேதான் மாட்டணும். இல்லைன்னா படத்தை எடுத்துட்டுப் போயிடுவேன்” என்றேன். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை.

படம் இப்போது முன் ஹாலில் இருக்கிறது. தேயிலை தெரிந்தவர்கள் நின்று, வழி எங்கே என்று கேட்கிறார்கள். சிஸ்டரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் பிடிவாதம். தூரிகையோடு யார் வந்தாலும், வாசலை மறித்து நிற்க இனி நான் இருக்கிறேன்.