கோதுமை பீரும் மைதா சந்தேகமும்

பாரில் வேலை பார்ப்பவனை வீட்டில் நம்ப மாட்டார்கள், வாடிக்கையாளர் நம்ப மாட்டார், முதலாளி நம்பவே மாட்டார். போகப் போக அவனும் யாரையும் நம்பாமல் கணக்கை நேர் செய்துகொள்வான்.

உங்களில் ஓட்டலிலோ ஜவுளிக்கடையிலோ நின்று பொருள் விற்றவர்கள் இருந்தால் என் பாடு புரியும். பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜ். கீழே சாப்பாட்டு ஓட்டல், மாடியில் ஏசி பார். நான் மாடியில் மூத்த சப்ளையர். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இதைச் சொன்னால் என் மனைவி சிரிப்பாள், பாருக்கு வருகிறவர்கள் முறைப்பார்கள். தான் சாப்பிடாத சரக்கை அடுத்தவனுக்கு ஊற்றுகிறவனை யார் நம்புவார்கள்? எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது. யாராவது "ரொம்ப நன்றிப்பா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனால், உடனே மேஜையில் ஸ்பூன் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

போன ஐப்பசியில் எங்கள் முதலாளி பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த கிராஃப்ட் பீர் அவரை மயக்கிவிட்டது. பெரிய ஆலையில் லாரி லாரியாகக் காய்ச்சாமல், சின்னத் தொட்டியில், காய்ச்சுகிறவரின் கைப்பக்குவத்தில் கொஞ்சமாக வருகிற பீர் அது. ஆர்டர் போட்டுப் பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "பொங்கலுக்குள்ள வித்துக் காட்டு. மாடிக்கு சூப்பர்வைசர் நீதான். இல்லாட்டி நம்ம அரியலூர் பாருக்குப் போயிரு, அங்க டேபிள் தொடைக்க ஆளில்ல" என்றார்.

எனக்கு அந்த சூப்பர்வைசர் என்ற சொல் வேண்டியிருந்தது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். வரதராஜன்பேட்டையிலிருந்து வந்த பையன் வீட்டார் "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டதற்கு, என் மனைவி "ஹோட்டல்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்க உள்ளே ஓடிவிட்டாள். ஏற்கெனவே எல்லார் கையிலும் காபி இருந்தது.

கையால செஞ்சது

முதல் பாட்டிலைப் பாடாலூர் வெங்காய வியாபாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போன நாளில் மட்டும் மாடிக்கு வருவார், மற்ற நாளில் எங்கள் கட்டடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அன்றைக்கு முகத்தில் வெளிச்சம் இருந்தது. "புதுசா ஒண்ணு வந்திருக்குங்க, கிராஃப்ட் பீரு" என்றேன். கிராஃப்ட் என்றதும் அவருக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது. "எங்களுக்குக்கூட ஒரு கிராஃப்ட் வாத்தியாரு இருந்தாருப்பா. தேங்கா மட்ட நாருல கயிறு திரிக்க விடுவாரு. அவரு காய்ச்சுனதா?" என்றார்.

இல்லை, மிஷினை நம்பாமல் பக்குவம் பார்த்துக் கையால் செய்வது என்று விளக்கினேன். விலை கேட்டார். சாதா பீர் இருநூற்றைம்பது, இது முந்நூற்றைம்பது. பாட்டிலை என் தட்டிலேயே திருப்பி வைத்தார். விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. அவர் சொன்னது வேறு.

"கையால செஞ்சதுன்னா வெல கொறச்சலால்ல இருக்கணும்? கரண்டு பில்லே கெடையாதே!"

காய்ந்த கரும்பு

பெட்டிகள் அப்படியே இருந்தன. முதலாளி பொறுமை இழந்து விலையை இறக்கினார். சாதா பீரைவிடப் பத்தே ரூபாய் அதிகம். இனி யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன். உங்களுக்கும் இந்த ஞானோதயம் எப்போதாவது வந்திருக்கும். விலையைக் குறைத்தால் கூட்டம் வரும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள் அல்லவா? அந்தப் பெரியவர்கள் யாரும் பார் நடத்தியதில்லை.

எறையூரிலிருந்து கரும்பு விவசாயி ஒருவர் மச்சானோடு வந்தார். நேற்றுவரை முந்நூற்றைம்பது, இன்றைக்கு இருநூற்றறுபது என்று ஆசை காட்டினேன். அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு டியூப்லைட்டுக்கு நேராகப் போய் நின்றார். அது கோதுமை பீர். வடிகட்டாததால் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும், அடியில் வண்டல் நிற்கும். அது அப்படித்தான் என்று நான் சொல்லச் சொல்ல அவர் பாட்டிலைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், தேதியைத் தேடினார், தேதி சரியாக இருந்ததும் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. தேதியை அழித்து வேறு ஒட்டியிருக்கிறோமா என்று நகத்தால் சுரண்டினார். கடைசியில் மச்சானைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"காஞ்ச கரும்புக்குத்தான் மாப்ள வெல கொறையும். இது எந்தக் கொல்லையில கெடந்துச்சோ!"

ஒரிஜினல் கோதுமை இல்லை

கார்த்திகை முடிந்துகொண்டிருந்தது. அரியலூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் ஒருவர் வசூலுக்கு வரும்போதெல்லாம் மத்தியானம் எங்கள் மாடியில் ஒதுங்குவார். சர்க்கரை வியாதிக்காரர். டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டார் என்று புலம்பிக்கொண்டே கீழேயிருந்து சப்பாத்தி வரவழைத்துச் சாப்பிடுவார், கூடவே பீரும் குடிப்பார். டாக்டர் பீரைப் பற்றி என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை. அவரும் டாக்டரிடம் கேட்டிருக்க மாட்டார்.

லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கோதுமை என்றேன். மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோதுமையா? அப்ப சுகருக்கு நல்லதாச்சே! இத்தன நாளு ஏன்ப்பா சொல்லல?" நான் பதறிப்போனேன். அரிசிக்குப் பதில் கோதுமை என்பது தட்டில் சரி, கிளாஸில் கிடையாது. "ஐயா, அப்படியெல்லாம் இல்லீங்க, பீரு பீருதான், எதுக்கும் டாக்டர்ட்ட கேட்டுக்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். என் வாழ்க்கையிலேயே ஒரு பொருளை வாங்காதீர்கள் என்று சொல்லி விற்பனையைத் தடுத்தது அன்றைக்குத்தான். அவர் கேட்டால்தானே? என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நல்ல சரக்கை நான் வேறு யாருக்கோ பதுக்குகிறேன் என்று முடிவு செய்துவிட்டார்.

விலையைக் கேட்டார். இருநூற்றறுபது என்றேன். பார்வை உடனே மாறியது. சர்க்கரை வியாதிக்காரருக்கென்று விற்கிற பிஸ்கட் இரண்டு மடங்கு விலை, அரிசி மூன்று மடங்கு விலை, செருப்புக்கூட விலை அதிகம். அவர் அனுபவத்தில் அவர் உடம்புக்கு ஏற்றது எதுவும் மலிவாக இருந்ததில்லை. பாட்டிலை ஆட்டி, கலங்கலைப் பார்த்து, துப்பு கிடைத்துவிட்ட போலீஸ்காரரைப் போலத் தலையாட்டினார்.

"ஒரிஜினல் கோதுமைன்னா இந்த வெலைக்குக் கட்டாது தம்பி. மைதா கலந்திருக்கான்!"

வலப்பக்கமிருந்து படிப்பவர்கள்

அந்த மைதா என் கண்ணைத் திறந்தது. மறுநாள் காலையில் முதலாளியிடம் போய், "விலையை ஏத்துங்க" என்றேன். "விக்காத சரக்குக்கு வெல ஏத்தச் சொல்றியே, யாருகிட்ட காசு வாங்குன?" என்றார். எனக்கு வலித்தது. ஆனாலும் விடவில்லை. மெனு கார்டைப் புதிதாக அடிக்க வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக, அந்த பீரின் பெயர். எதிரில் ஐந்நூறு. கோதுமை, கைப்பக்குவம், வண்டல் எதுவும் எழுதவில்லை.

அந்த வாரமே அரியலூரிலிருந்து ஒரு லாரி ஓனர் வந்தார், சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஓட்டுகிறவர். கூடவே ஒரு விருந்தாளி, பெரிய இடத்து ஆள் என்று அவர் நாற்காலியை இழுத்துப்போட்ட வேகத்திலேயே தெரிந்தது. விருந்து வைக்கிறவர்கள் மெனு கார்டை எப்போதும் வலப்பக்கமிருந்துதான் படிப்பார்கள். அவர் விரலும் விலைப் பக்கமாகவே இறங்கி, திரும்ப ஏறி, ஐந்நூறில் நின்றது. "சாருக்கு இத வைப்பா. நமக்கும் அதே" என்றார். விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். சுளித்த முகத்தோடேயே "வேற லெவல்" என்றார். ஓனரும் குடித்தார். "ஆமா சார், வெலைக்கேத்த சரக்கு" என்றார்.

இரண்டாவது ரவுண்டுக்கு முன்னால் விருந்தாளி கை கழுவ எழுந்தபோது, ஓனர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஏதோ தில்லுமுல்லு கண்டுபிடித்துவிட்டார், என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். என் காதோரம் குனிந்தார்.

"எனக்கு மட்டும் கிளாஸ்ல சாதா பீர ஊத்திட்டு வா. பில்லுல இதே பேரு, இதே வெல இருக்கட்டும், சாரு பாப்பாரு."

இப்பத்தான் பக்குவம் வந்திருக்கு

அப்புறம் பெட்டிகள் தாமாகவே காலியாயின. பாடாலூர் வெங்காயக்காரர் ஒரு நாள் மாடியேறி வந்து, "அந்த ஐந்நூறு ரூவா பீரு எதுப்பா, ஊரெல்லாம் பேசுறாங்க" என்றார். அவர் திருப்பி வைத்த பாட்டில் இருந்த அதே பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து ஊற்றினேன். வெல்லம் வாங்குகிறவரைப் போல நாக்கில் வைத்து யோசித்தார். அன்றைக்கு அவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை என்பது அவருக்கு ஞாபகமே இல்லை.

"அன்னிக்கு சகிக்கல. இப்பத்தாம்ப்பா ஒழுங்காக் காய்ச்சுறாங்க!"

நானும் ஒரு பாட்டில்

மார்கழி பாதியிலேயே கடைசிப் பெட்டியும் முடிந்தது. முதலாளி என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை, அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். "சூப்பர்வைசர்னா சம்பளம் என்ன எதிர்பாக்குற?" என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? வாங்கிக்கொண்டிருந்ததற்கு மேல் இரண்டாயிரம். அதிகம் கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்ற பயம். எனக்கு வேண்டியது சம்பளமே இல்லை, அந்தச் சொல்தான். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் பிடிபட்டது. எறையூர்க்காரர் டியூப்லைட்டில் பாட்டிலைப் பார்த்த பார்வை.

பொங்கல் கழித்து, திருச்சியிலிருந்து டை கட்டின ஒருவர் சூப்பர்வைசராக வந்து சேர்ந்தார். வந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, புதிதாக வந்திறங்கிய கோதுமை பீர் ஏன் கலங்கலாக இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அரியலூருக்கு அனுப்பவில்லை என்பதே பெரிதென்று இருந்திருக்கலாம், மனசு கேட்கவில்லை. நேராக முதலாளியிடம் போய், "விலையை ஏத்தச் சொன்னதும் நான், வித்ததும் நான், அவருக்கு ஏங்க குடுத்தீங்க?" என்று கேட்டேவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"அந்தாளு நீ கேட்டதப்போல ரெண்டு பங்கு சம்பளம் கேட்டான், கேட்டதுமே வேல தெரிஞ்சவன்னு புரிஞ்சிருச்சு. ஏம்ப்பா, நீ இவ்வளவு கொறச்சலா கேட்டியே, ஒனக்கு ஏதும் கோளாறா?"

ஊர் முழுக்க விலையை ஏற்றி விற்றவன் தன்னை மட்டும் தள்ளுபடியில் வைத்தால் மைதா கலந்திருக்கும் என்றுதான் நினைப்பார்கள், பாவம் என் மனைவிதான் பெண் பார்க்க யார் வந்தாலும் இன்னும் காபி எடுக்க உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறாள்.