ஸ்பூன் அக்கா படித்த நோட்டீஸ்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ஸ்பூன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பேர் இருந்தது. அந்தப் பேரும் அவருடையது இல்லை என்பது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

நான் அந்தக் கட்டடத்தின் எலக்ட்ரீஷியன். கதவில் பராமரிப்புப் பிரிவு என்று பெரிதாகப் போர்டு தொங்கும். உள்ளே வந்து பார்த்தால் நான் ஒருத்தன்தான் இருப்பேன். சிடுமூஞ்சி என்று எனக்குப் பேர். இருக்காதா பின்னே? ஃபேன் ஓடவில்லை என்று ஏழு மாடி ஏற வைப்பார்கள், போய்ப் பார்த்தால் சுவிட்சையே போட்டிருக்க மாட்டார்கள். எழுதி ஒட்டினாலும் எவனும் படிப்பதில்லை. படிக்காதவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை நானே சொல்லிக்கொள்கிறேன், பிறகு யாரும் சொல்லிக்காட்ட வேண்டாம்.

அக்காவுக்கு வேலை ஏழாவது மாடி பேன்ட்ரியில். பேன்ட்ரி என்றால் நாலு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும் ஒரு சமையலறை. காலையில் முப்பத்தெட்டுப் பேர் சாப்பாட்டுப் பையை அங்கே அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள். பன்னிரண்டரைக்கு அக்கா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பீங்கான் கிண்ணத்தில் கொட்டி, சூடு பண்ணி, ஒரு மணிக்கு மேசையில் வரிசையாக வைத்துவிடுவார். ஒவ்வொருவர் கிண்ணத்திலும் அவரவர் ஸ்பூன் இருக்கும். கணக்குப் பிரிவுப் பெரியவருக்குக் காம்பில் பூப்போட்ட ஸ்பூன். பட்டினி கிடந்து இளைக்கிறேன் என்று ஊரைக் கூட்டுகிற டிசைனருக்குச் சாம்பார் கரண்டி மாதிரி ஒன்று. சட்டப் பிரிவு அதிகாரியுடையது முயல் படம் போட்ட குழந்தை ஸ்பூன். அவர் பெண் சின்ன வயதில் சாப்பிட்டது, அதில்தான் சாப்பிடுவார், கேட்டால் முறைப்பார். யாருடையதும் யாருக்கும் மாறியதில்லை. "எங்கம்மா கூட இப்படிப் பார்த்து வைக்க மாட்டாங்க" என்று ஆளாளுக்கு உருகுவார்கள். பைகளில் எல்லாம் பேர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. அதை அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

முதலில் அங்கே கேஸ் அடுப்பு இருந்தது. போன வருடம் கட்டடத்தில் கேஸ் கூடாது என்று சட்டம் போட்டு, மூன்று மைக்ரோவேவ் ஓவன் வாங்கினார்கள். மாட்டிக் கொடுத்தவன் நான். அவற்றுக்கு மேலே சுவரில் நாலு வரி நோட்டீஸ் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியவனும் நான்தான். வாசகம் என் சொந்தச் சரக்கு. ஒட்டிவிட்டுப் பின்னால் தள்ளி நின்று இரண்டு தடவை ரசித்துப் பார்த்தேன்.

ஆரம்பத்தில் அக்கா ஸ்பூன்களை வெளியே ட்ரேயில் வரிசையாக வைத்துக்கொண்டு, எந்த ஓவனில் யார் கிண்ணம் என்பதை மனசிலேயே வைத்திருந்தார். ஒரு நாள் அவசரத்தில் தப்பிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவருக்கு இனிப்பு போட்ட கிண்ணம் போய், அவர் கத்தி ரகளை பண்ணிவிட்டார். மறுநாள் அக்கா என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, ஸ்பூன் உள்ளயே இருந்தா மிஷினுக்கு ஏதாவது ஆகுமா?"

நான் ஏணி மேல் நின்று ஒரு டியூப்லைட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "அதான் எழுதி ஒட்டியிருக்கேனே. கண்ணு இருக்குல்ல, போய்ப் படிங்க."

அக்கா போனார். நோட்டீஸுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "சரி தம்பி" என்று தலையாட்டினார். நானும் விட்டேன்.

மறுநாளிலிருந்து ஸ்பூன் கிண்ணத்துக்குள்ளேயே போய்விட்டது. பதினோரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்பதுதான் வயிற்றெரிச்சல். வழவழவென்று இருக்கிற ஸ்பூன், ஈரமான சாப்பாட்டில் பாதி முங்கி, சுவரைத் தொடாமல் கிடந்தால் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். அதை நம்பி வைக்கக் கூடாது, அவ்வளவுதான். கூர்மையாக முனை இருந்தாலோ, ஓவன் சுவரில் உரசினாலோ கதை வேறு. மின்சாரம் முனையில் போய்க் குவியும், குவிந்தால் தாண்டப் பார்க்கும், தாண்டினால் பொறி. அக்காவோ மெஷினிடமே கேட்டுப் பார்த்துவிட்டார், பதினோரு வாரமாக அது பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவது வாரம் புதன்கிழமை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் சாப்பாட்டோடு முள்கரண்டி கொண்டுவந்தாள். நாலு முள். அதைச் சுற்றிக் காகிதக் கைத்துடைப்பான். சாப்பாடு காய்ந்த ரொட்டித் துண்டு, சொட்டு ஈரம் கிடையாது. வேறு யாராயிருந்தாலும் காகிதத்தைப் பிரித்துத் தூரப் போட்டிருப்பார்கள். அக்காவுக்கு அந்தக் காகிதமும் அடையாளம். சுற்றியது சுற்றியபடி கிண்ணத்தில் சாய்த்து உள்ளே வைத்தார்.

நான் ஓடிப்போய் அணைத்தபோது நடு ஓவன் கரிச்சட்டியாகியிருந்தது. புகை மணி அடித்து ஏழு மாடியும் படியிறங்கித் தெருவில் நின்றது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. ஆனாலும் கட்டடமே காலியானால் சும்மா விடுவார்களா? வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை என்றார்கள். பேன்ட்ரியைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா என் அறைக்கு வந்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

"வேலை போயிடுமா தம்பி?"

"முள்கரண்டியை உள்ள வெச்சா பின்ன கழுத்துல மாலை போடுவாங்களா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்காவின் முகம் அப்படி இருந்தது. அவர் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். கம்பெனி கொடுத்த மருத்துவ கார்டைக் காட்டினால்தான் ஆஸ்பத்திரியில் மெஷினில் போடுவார்கள். வேலை போனால் கார்டு போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததை அப்போதுதான் சொன்னார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. ஒரு எழுத்து தெரியாது. எட்டாவது பாஸ் பண்ணியிருக்கணும்னாங்க. என் தங்கச்சி சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துதான் சேர்ந்தேன். அவ பேரை வரையக் கத்துக்கிட்டேன், கையெழுத்துப் போட. அது ஒண்ணுதான் எனக்கு எழுத வரும்."

கண்ணு இருக்குல்ல என்று கேட்டவன் நான்.

"செக்யூரிட்டி ஆபீசர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறாராம், அங்க நோட்டீஸ் ஏதாவது இருந்தா அந்தம்மாவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க, அவங்களுக்குப் படிக்கத் தெரியுமான்னே சந்தேகம்னு. சர்ட்டிபிகேட் விஷயம் வெளிய வந்தா போலீஸ் வரைக்கும் போகும் தம்பி. தங்கச்சியும் மாட்டிக்குவா. அதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க. மனப்பாடம் பண்ணிடறேன்."

சொன்னேன். வேறு என்ன செய்ய? எச்சரிக்கை. உலோகப் பொருட்களை உள்ளே வைக்கக் கூடாது. மீறினால் தீப்பிடிக்கும், மீறுபவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, பராமரிப்புப் பிரிவு.

"உலோகம்னா என்ன தம்பி?"

"இரும்பு, எவர்சில்வர், அலுமினியம். எல்லாம்தான்."

"அப்படியே எவர்சில்வர்னு எழுதியிருக்கலாமே. யாராவது படிச்சுச் சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிஞ்சிருக்கும்."

பத்து தடவை சொல்லச் சொன்னேன். முதலில் உலோகம் உலோபம் ஆனது, அப்புறம் நடவடிக்கை வாயில் நுழையவில்லை. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசி இரண்டு தடவை ஒரு பிசகு இல்லை. அப்போதுதான் உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போயும் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. விடிகிற நேரத்தில்தான் மண்டையில் உறைத்தது. படித்தேன் என்று சொன்னால் தெரிந்தே வைத்ததாகத்தானே ஆகும்? படிக்கத் தெரியாது என்றால் சர்ட்டிபிகேட் மாட்டும். இப்படிப் போனாலும் அடி, அப்படிப் போனாலும் அடி. நோட்டீஸே இல்லாமல் போனால்தான் வழி உண்டு. சாவி என் கையில் இருக்கிறது. அந்த நோட்டீஸை என்னைத் தவிர எந்தப் புண்ணியவானும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஏழு மணிக்கெல்லாம் பேன்ட்ரியைத் திறந்து, திருப்புளியால் சுரண்டி நோட்டீஸைப் பெயர்த்தேன். சுவரைத் துடைத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். உடனே அக்காவுக்கு போன் போட்டேன். வெள்ளிக்கிழமை, வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரியில் இருப்பார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன். அதற்குள் என்னை ஆறாவது மாடியில் யாரோ கூப்பிட, நடந்துகொண்டே ஒரு செய்தி அனுப்பினேன். "நோட்டீஸை எடுத்துட்டேன். அப்படி ஒண்ணு சுவத்துல இல்லவே இல்லைன்னு சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்." ஒன்பது மணிக்குப் பார்த்தேன்; அக்கா அதைத் திறந்து பார்த்ததற்கான நீலக் குறி வந்திருந்தது. அப்பாடா என்று ஒரு டீ குடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக ஒரு டீ குடித்ததில்லை.

பத்து மணிக்கு என்னை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் நிர்வாக மேடம், பக்கத்தில் செக்யூரிட்டி ஆபீசர். நான் பாடத்தை ஒப்பித்தேன். முள்கரண்டியால்தான் தீ, அதில் சந்தேகமில்லை. ஆனால் எச்சரிக்கை நோட்டீஸ் எதுவும் ஒட்டவில்லை, ஒட்ட வேண்டியது என் பொறுப்பு, அது என் தப்பு என்றேன்.

மேடம் பேனாவை மூடினார். "என்னங்க இது, ஒரு நோட்டீஸ் கூட ஒட்டாம அந்தம்மாவை மட்டும் எப்படிக் குத்தம் சொல்றது? உங்களுக்கு ஒரு மெமோ கொடுத்துடறேன். அவங்களை எச்சரிச்சு விட்டுடலாம். உள்ள கூப்பிடுங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிச்சுடுவோம்."

அக்கா நேரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். தலை கூட வாரவில்லை. இருக்கை நுனியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணால் தைரியம் சொன்னேன்.

"ஓவன் கிட்ட ஏதாவது எச்சரிக்கை நோட்டீஸ் இருந்துச்சாம்மா?" என்று மேடம் கேட்டார்.

"இருந்துச்சு மேடம்" என்றார் அக்கா.

அந்த வினாடியில்தான் புரிந்தது, நான் யாருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று. முந்தின நாள் சாயங்காலம் படிக்கத் தெரியாது என்று அழுது அழுது என்னிடம் சொன்ன மனுஷிக்குத்தான். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். பயப்படாதீங்க என்று சொல்வதாக அக்கா எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"படிச்சிருக்கேன் மேடம். எச்சரிக்கை. உலோகப் பொருட்களை உள்ளே வைக்கக் கூடாது. மீறினால் தீப்பிடிக்கும், மீறுபவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, பராமரிப்புப் பிரிவு."

ஒரு எழுத்து பிசகவில்லை. உலோகம் உலோகமாகவே வந்தது.

மேடம் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். செக்யூரிட்டி ஆபீசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மேடம் மூடின பேனாவைத் திரும்பத் திறந்தார்.

"உலோகம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். இரும்பு, எவர்சில்வர், அலுமினியம். எல்லாம்தான்."

"அப்போ எல்லாம் தெரிஞ்சேதான் வெச்சிருக்கீங்க." மேடம் எழுதிக்கொண்டே பேசினார். "ரெண்டு பேரும் வெளிய இருங்க. அம்மா, கையில மருத்துவ கார்டு இருந்தா மேசை மேல வெச்சுட்டுப் போங்க."

அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று கத்தியிருக்கலாம். கத்தினால் சர்ட்டிபிகேட், போலீஸ், தங்கச்சி. கத்தாவிட்டால் கார்டு. அக்கா பையிலிருந்து கார்டை எடுத்து, சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்து மேசை மேல் வைத்தார். ஏதோ சரிபார்த்துத் திருப்பித் தரத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அன்று காலை வீட்டுக்காரரை மெஷினில் போட்டதும் அந்தக் கார்டைக் காட்டித்தான்.

வெளியே வராந்தாவில் வந்து நின்றோம். இரண்டு நாளாகக் கறுத்துக் கிடந்த முகம் தெளிந்திருந்தது. என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு எழுத்து விடாம சொன்னேனா தம்பி?"

"சொன்னீங்கக்கா."

"அவங்களுக்குச் சந்தேகமே வரல பாத்தீங்களா. ராத்திரியெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில கூட அவர் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டுதான் இருந்தேன்."

நான் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். மடித்து வைத்த நோட்டீஸ் உள்ளே முறுமுறுவென்றது. அக்கா இடுப்பிலிருந்து போனை எடுத்து என் செய்தியைத் திறந்து எனக்குக் காட்டினார்.

"காலையில என்னமோ அனுப்பியிருந்தீங்களே. தைரியமா இருங்கன்னுதானே?"

"ஆமாக்கா" என்றேன்.