என் நைனா பெயரில் ஓடிய வண்டி

கரண்டியால் வெண்கலத் தட்டைத் தட்டினாற்போல ஒரு சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே முகம் தெரியாத யாரோ ஒருவன் தெலுங்கில் கத்தினான். "முனுசாமி அன்னா, எர்ர! எர்ர அன்னா! கண்ணு கனபடலேதா நீக்கு?" திருப்பதியில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த எனக்குக் காம்பு எது, இலை எது என்று கொஞ்ச நேரம் தெரியாமல் போய்விட்டது. தெலுங்கில் எர்ர என்றால் சிவப்பு. முனுசாமி என்பது என் நைனாவின் பெயர். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கண் தெரியவில்லையா என்று அவரைப் பார்த்துக் கேட்க இந்த உலகத்தில் இனி ஆள் இல்லை என்றுதான் நான் நிம்மதியாக இருந்தேன்.

அவன் கத்தியது என் மகன் சேகரைப் பார்த்து. சேகர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்குப் போய் வருகிறவன், நாற்பதைத் தாண்டியவன், கல்யாணம் வேண்டாமென்று என்னோடு இருக்கிறவன். லீவு நாளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரயில் ஓட்டுவான். அது ஆன்லைன் ஆட்டம். எந்தெந்த ஊரிலோ இருக்கிறவர்கள் ஒரே தண்டவாளத்தில் சேர்ந்துகொண்டு ஆளுக்கொரு வண்டி ஓட்டுகிறார்கள், ஒருவன் ஸ்டேஷனில் இருந்து சிக்னல் போடுகிறான், நடுநடுவே பேசிச் சிரித்துக்கொள்கிறார்கள். இவன் மட்டும் சிவப்பு விழுந்தாலும் நிற்காமல் போய்விடுவான். எதிரே வருகிற வண்டி, பின்னால் வருகிற வண்டி எல்லாம் முட்டிக்கொண்டு நின்றுபோகும். வாயில் வந்தபடி திட்டி இவனை வெளியே தள்ளுவார்கள், இவன் வேறொரு பெயர் வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போவான். ஏன் நிற்பதில்லை என்று நான் கேட்டதே இல்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வைத்துக்கொண்ட பெயர் என் நைனாவுடையது.

அந்தப் பெயருக்காக நான் சண்டை போட்டிருக்கிறேன், அதுவும் பல்லும் நகமுமாக. அப்போது நாங்கள் ரேணிகுண்டாவில் ரயில்வே குவார்ட்டர்சில் இருந்தோம். நைனா கூட்ஸ் வண்டி டிரைவர். கரி வண்டிக் காலம் அது. வேலை முடிந்து வாசலில் வந்து நின்றால் கண்ணில் இருக்கும் வெள்ளையைத் தவிர மற்றதெல்லாம் கரியாக இருப்பார். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு ரயில் பேச்சுதான். சோறு ஆகிவிட்டதா என்று கேட்க "லைன் கிளியரா?" என்பார். அம்மா கோபமாக இருந்தால் என் காதருகே குனிந்து, "கைகாட்டி தூக்கிக்கினுக்குது, கிட்ட போவாத" என்பார். கைகாட்டி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்நாளைய சிக்னல் அது. உயரமான கம்பத்தில் நீளமாக ஒரு கை இருக்கும். நேராக நீட்டியிருந்தால் வண்டி நிற்க வேண்டும், கீழே சாய்ந்திருந்தால் போகலாம். இருட்டில் கை தெரியாது என்பதால் பக்கத்தில் ஓர் எண்ணெய் விளக்கும், அதன் முன்னால் ஏறி இறங்கச் சிவப்பில் ஒன்று பச்சையில் ஒன்றாக இரண்டு கண்ணாடிகளும் இருக்கும்.

நைனாவோடு எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர் சுப்பய்யா, கங்காதர நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், நைனாவை விட வயதில் ரொம்பச் சின்னவர். அவர் தெலுங்கில் பேசுவார், நைனா தமிழில் பதில் சொல்வார். இரண்டு பேரும் கடைசிவரை அப்படியே பேசிக்கொண்டார்கள், ஒரு நாளும் பேச்சு தடைப்பட்டதில்லை. ராத்திரி வண்டியில் சிக்னல் வரும்போதெல்லாம் சுப்பய்யாதான் தலையை வெளியே நீட்டிப் பார்த்து "பச்ச" என்றோ "எர்ர" என்றோ குரல் கொடுப்பார். பச்சைக்கு மட்டும் இரண்டு பாஷையிலும் ஒரே பேர் என்று நைனா சிரிப்பார்.

ஒரு மார்கழி விடியலில், புத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு வெளியே, நைனா சிவப்பைத் தாண்டிவிட்டார். பனியில் கைகாட்டியின் கை தெரியவில்லை, விளக்கு மட்டும் தெரிந்தது. சுப்பய்யா குனிந்து கரி அள்ளிக்கொண்டிருந்தார். நைனா தானே பார்த்தார், பச்சை என்று நினைத்தார், போனார். நிமிர்ந்த சுப்பய்யா "எர்ரா!" என்று அலறிய பிறகு பிரேக்கைப் போட்டு, ஸ்டேஷனில் நின்றிருந்த பாசஞ்சர் வண்டிக்குக் கொஞ்சம் இப்பால் நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் அன்றைக்கே அவரை எஞ்சினை விட்டு இறக்கி, விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள்.

குவார்ட்டர்சில் இந்த மாதிரிச் செய்தி வேலைக்குப் போனவர் வீடு திரும்புவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் பிள்ளைகள் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டுவோம், எனக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற கைகாட்டி வேலை. அன்றைக்கு முன்னால் ஓடி வந்தவள் நிற்காமல் என்னை இடித்துத் தள்ளிவிட்டு, "நானு சேப்பு முனுசாமிடீ, நிக்க மாட்டேன்!" என்றாள். அவள் தோளைக் கடித்துவிட்டேன். அவள் அம்மா வந்து வாசலில் நின்றுகொண்டு, "அப்பன் வண்டிய உடறான், பொண்ணு வாய உடுது" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். நைனா உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் சேப்பு முனுசாமி ஆனது அன்றுதான். அங்கே நாங்கள் இருந்தவரை அந்தப் பட்டப்பெயர் போகவில்லை.

அம்மாவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. அவள் நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண். பிறந்த வீட்டிலிருந்து வந்த சாயம் போட்ட நூல் கட்டுகள் பெட்டியில் கிடந்தன. ஒரு மத்தியானம் அதில் நாலைந்தை எடுத்து நைனா முன்னால் போட்டு, "இதுல சேப்ப எடுங்க" என்றாள். அவர் இலைப் பச்சையை எடுத்து நீட்டினார். அம்மா சிரித்துவிட்டாள். "வெளாடாதீங்க, சேப்ப எடுங்க." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அதே கட்டைத்தான் மறுபடி எடுத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் இப்டித்தான் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன்மே" என்றார். வேலைக்குச் சேர்க்கும்போது கண்ணைச் சோதித்திருப்பார்களே என்று கேட்பீர்கள். சோதித்தார்கள்தான். எப்படித் தேறினார் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு தினமும் அந்த நூல்தான் எங்கள் வீட்டில் வேலை. அம்மா கலைத்துப் போடுவாள், அவர் எடுப்பார், நான் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். போகப்போக அவர் தப்பே செய்யவில்லை. சிவப்பு என்றால் சிவப்பு, பச்சை என்றால் பச்சை. அம்மா சாமி படத்துக்குப் பூ வைத்தாள். நான்தான் பார்த்தேன், அவர் ஒவ்வொரு கட்டையும் எடுக்கும் முன் கட்டைவிரலால் லேசாகத் தடவினார். சிவப்புச் சாயம் ஏறிய நூல் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். "நைனா தடவிப் பார்த்து எடுக்கறாரும்மா" என்றேன். அம்மா நூலை எல்லாம் சுருட்டிப் பெட்டியில் போட்டாள். "அவ்ளோ ஒசரத்துல எரியற வெளக்க எப்டித் தடவுவீங்க?" என்று கேட்டாள்.

விசாரணைக்குக் கூப்பிட்ட சமயத்தில் சுப்பய்யா வீட்டுக்கு வந்தார். யார் யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தெலுங்கில் "ரா" என்றால் வா என்று அர்த்தம். எஞ்சின் சத்தத்தில் எர்ரா என்பது ரா என்று காதில் விழலாம். "அன்னா, நேனே ரா அன்னானனி செப்பு" என்றார். நான்தான் வா என்று சொன்னேன் என்று சொல்லிவிடு என்கிறார். பிறகு அம்மாவைப் பார்த்து, எங்களுக்காக அரைகுறைத் தமிழில், "எனக்கு வயசு இருக்குது வதினா. கரி அள்ற கை, எங்க போனாலும் பொழச்சிக்கும்" என்றார்.

அம்மா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அவரே வாயால சொல்றாரு இல்ல? ஆமான்னு சொல்லிட்டு வாங்களேன். எஞ்சினு போயிடுச்சுன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

நைனா சுப்பய்யாவுக்குக் காப்பித் தம்ளரை நகர்த்தி வைத்தார். "இவன் ஒழுங்காத்தான் கத்தினான். என் காதும் ஒழுங்காத்தான் கீது" என்றார். அம்மா பக்கம் திரும்பி, "இவன் மேல போட்டுட்டு நான் மறுபடி ஏறிடறேன்னு வையி. அடுத்த மார்கழிக்குப் பனி வராதா?" என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சுப்பய்யா காப்பியைக் குடிக்காமலே போனார்.

விசாரணையில் நடந்ததைச் சுப்பய்யா எத்தனையோ முறை எனக்குச் சொல்லியிருக்கிறார். அதிகாரி இங்கிலீசில் கேட்டாராம், ஒரு குமாஸ்தா தமிழில் சொன்னாராம். நைனா நின்றபடியே, "அவன் எர்ரன்னுதான் சொன்னான். எனக்குப் பச்சையாத் தெரிஞ்சுது. இப்பவும் அப்டித்தான் தெரியும்" என்றாராம். வேறு ஒரு சொல் சேர்க்கவில்லை. வேலையைப் பிடுங்கவில்லை, எஞ்சினைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள். வெயில் காலம் தொடங்கும்போது அவருக்கு விளக்கு அறையில் வேலை போட்டார்கள். சிக்னல் விளக்குகளைக் கொண்டுவந்து எண்ணெய் ஊற்றி, கண்ணாடியைத் துடைத்து அனுப்புகிற வேலை. பாவம் என்று நினைத்து ஒருத்தர், "எது சேப்பு எது பச்சன்னு எப்டிப்பா கண்டுபுடிக்கற?" என்று கேட்டபோது, "அது இன்னாத்துக்கு எனக்கு? அழுக்கு ரெண்டுலயும் ஒண்ணுதான்" என்றார். கேட்டவர் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. பிறகு சுப்பய்யா டிரைவர் ஆனார். எங்கள் வீட்டைத் தாண்டும்போது சின்னதாக ஒரு விசில் கொடுப்பார். நைனா அந்த நேரம் பார்த்து எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார்.

என் கண் நல்ல கண். அரக்கு, குங்குமம், மாதுளை, செங்கல் என்று சிவப்பையே பிரித்து வைப்பேன், இந்த வயதிலும் ஊசியில் நானே நூல் கோர்க்கிறேன். ஆனால் சேகர் ரயில்வேப் பரீட்சை எழுதித் தேறி, கடைசியில் கண் சோதனைக்குப் போனபோது, புள்ளிகளால் எழுதிய எண்கள் உள்ள ஒரு புத்தகத்தை விரித்து வைத்தார்களாம். இவனுக்குப் பல பக்கங்களில் வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. டிரைவர் வேலை இல்லை என்றுவிட்டார்கள். டாக்டர், "அம்மாவோட அப்பாவுக்கு இருந்துதா? அம்மா வழியா வரும், அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்னாராம். இத்தனை நல்ல கண்ணை வைத்துக்கொண்டு, எதைத் தூக்கிக்கொண்டு வந்து எவன் கையில் கொடுத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அவன் அந்த ஆட்டத்தில் சிவப்பைத் தாண்டும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடியவில்லை. கீரையை வைத்துவிட்டு அவன் பின்னால் போய் நின்றேன். தூரத்தில் சின்னதாக ஒரு விளக்கு தெரிந்தது.

"சேகரு, சேப்புடா."

"தெரியும்மா."

"எப்டித் தெரியும் உனக்கு?"

திரையின் மூலையைக் காட்டினான். "எங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே எழுத்துல போட்டுக் காட்றான் பாரு. இந்த எழுத்து வந்தா நில்லு, அந்த எழுத்து வந்தா போ." எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. இத்தனை நாளும் அது ஏதோ அலங்காரம் என்று இருந்துவிட்டேன். வண்டி நிற்காமல் சிவப்பைத் தாண்டியது. தட்டுச் சத்தம் வந்தது, முனுசாமியைக் கெட்ட வார்த்தை சொல்லி ஒருத்தன் திட்டினான்.

"தெரிஞ்சும் ஏண்டா?"

"ஒரு தபா நிறுத்தினாங்க, நின்னேன். இன்னும் எத்தினி தபா நிக்கணும்?"

"அப்போ தாத்தா பேரு எதுக்கு?"

"அவரும் தாண்டினவரு தானேம்மா. நம்ம வம்சத்துக்கே சிக்னல் ஆவாது" என்று சிரித்தான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தாத்தா டிரைவர், சிவப்பைத் தாண்டினார், இறக்கிவிட்டார்கள். மற்றதை நான் சொன்னதில்லை. சொன்னால் கண் பேச்சு வரும், கண் பேச்சு வந்தால் இவன் முகம் வாடும். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பனி, நூல், சுப்பய்யா, அவர் சொன்ன ரா எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையை எடுத்துவிட்டுக் கேட்டான். திரையில் யார் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"அவரு தெரியாம தாண்டினாருடா. தெரிஞ்சதும் தானா எறங்கிட்டாரு. நீ தெரிஞ்சிக்கினே தாண்டறே. அந்தப் பேர எடு" என்றேன்.

அவன் ஏதேதோ தட்டினான். திரை கறுத்துப் போனது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக நகரிக்கு ரயிலில் போனேன். கைகாட்டிகள் இல்லை, வழியெல்லாம் கம்பத்தில் கரண்டு விளக்குகள். துடைக்க எண்ணெய் விளக்கு இல்லை, துடைக்கிற ஆளும் இல்லை. கரிப் புகை இல்லை. சுப்பய்யாவும் போய்விட்டார். சேகர் இன்னும் அந்த ஆட்டத்தை ஆடுகிறான், இன்னும் நிற்காமல்தான் போகிறான். வேறு என்னென்னவோ பெயர்களைச் சொல்லித் திட்டுகிறார்கள். நான் கீரையை ஆய்கிறேன். நான் கேட்டபடியே எல்லாம் ஆகிவிட்டது. இனி எந்தத் தண்டவாளத்திலும் முனுசாமி என்று ஒரு டிரைவர் இல்லை.